கோவ் போகிறோம்: அரை நாள் போதுமா, ஒரு ராத்திரி தங்கணுமா?

நொய்யல்

வணக்கம். அயர்லாந்தில், டப்ளினில் வேலை பார்க்கிறேன். ஈரோட்டிலிருந்து அம்மா வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்ததிலிருந்து மழை, குளிர், ஜன்னல். "எங்கேயாவது கூட்டிட்டுப் போடா" என்று ஆரம்பித்துவிட்டார். டைட்டானிக் கடைசியாக நின்ற ஊர், கோவ் என்று ஒன்று தெற்கே இருக்கிறது என்று சொன்னதும் பையை எடுத்து வைத்துவிட்டார்.

திட்டம் இதுதான். கார்க் நகரத்தில் இரண்டு ராத்திரி, அதில் ஒரு அரை நாள் கோவுக்கு. அம்மாவுக்கு வயது 67, மூட்டுவலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், மேடு ஏறினால்தான் கஷ்டம். சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அரை நாள் போதுமா?

இன்னொன்று. ஆங்கில எழுத்தை (Cobh) பார்த்து ஆபீசில் 'கோப்' என்று சொல்லித் தொலைத்தேன். சிரித்தார்கள். 'கோவ்' என்பது சரிதானே?

தண்டவாளம்

கோவ்தான். ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் பி-க்குப் பின்னால் எச் வந்தால் 'வ' சத்தம். இதில் ஒரு வேடிக்கை: ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தனியாக அர்த்தமே இல்லை. சிறு குடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நடுவில் 1849இல் விக்டோரியா ராணி இங்கே வந்து இறங்கியதால் குவீன்ஸ்டவுன் ஆனது. 1920களின் தொடக்கத்தில், விடுதலைப் போராட்டச் சூட்டில், ராணியைத் தூக்கிவிட்டுப் பழைய பெயரைக் கொண்டுவந்தார்கள். டைட்டானிக் காலத்துக் காகிதங்களில் எல்லாம் குவீன்ஸ்டவுன் என்றே இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான்.

ரயில் என் துறை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். டப்ளின் ஹியூஸ்டனிலிருந்து கார்க் கென்ட் ஸ்டேஷன் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கேயே மாறி கோவ் வண்டியில் ஏறினால் சுமார் 25 நிமிடம். கோவ் ஒரு தீவில் இருக்கிறது. கிரேட் ஐலண்ட் என்று பெயர். வண்டி ஃபோட்டா தீவு வழியாகத் தண்ணீரைத் தாண்டித்தான் போகும். போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், தண்ணீர் அந்தப் பக்கம்தான். லீப் கார்டு என்கிற பயண அட்டை செல்லும். கோவ் ஸ்டேஷன் கடலோரத்திலேயே இருப்பதால் இறங்கியதும் சமதரை.

என் கணக்கில் அரை நாள் தாராளம். கதீட்ரல், டைட்டானிக் மியூசியம், வரிசை வீடுகள் போட்டோ, ஒரு காபி, அடுத்த வண்டி.

கடற்காகம்

தண்டவாளம் அண்ணன் ரயிலைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. அரை நாள் என்றதுதான் சரியில்லை.

கார்க்கில் 11 வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கோவுக்குக் கூட்டிப் போவது என் தலையெழுத்து. அதனால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். பெரிய உல்லாசக் கப்பல்கள் கோவ் ஸ்டேஷன் பக்கத்திலேயே வந்து கட்டும். கப்பல் வந்த நாளில் ஊர் முழுக்கக் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கூட்டம். சாயங்காலம் அது சங்கு ஊதிவிட்டுக் கிளம்பும் பாருங்கள், அரைமணி நேரத்தில் தேர் நிலைக்கு வந்த மறுநாள் வீதி மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்துக் கோவ்தான் கோவ். அரை நாள்காரர்கள் அதைப் பார்க்காமலே ரயில் ஏறிவிடுகிறார்கள்.

அப்புறம், டைட்டானிக்கை நினைத்துக்கொண்டு போகிறீர்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஊரின் கதை ஒரு கப்பலோடு முடிவதில்லை. 1848 முதல் 1950 வரை அயர்லாந்தை விட்டு வெளியேறியவர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். அதில் 25 லட்சம் பேர் கடைசியாக மிதித்த மண் கோவ். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிய காலத்தில் தொடங்கி, நூறு வருடம் ஓயாமல் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஊர். அதற்கு முன்னால் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிய கப்பல்களும் இந்தத் துறைமுகத்திலிருந்து போயிருக்கின்றன.

'அமெரிக்கன் வேக்' என்று ஒரு வழக்கம் இருந்தது. யாராவது மறுநாள் அமெரிக்கா கிளம்பினால் முதல் நாள் ராத்திரி ஊரே அந்த வீட்டில் கூடும். குடி, ஆட்டம், அழுகை எல்லாம் விடியும் வரை. 'வேக்' என்பது சாவு வீட்டில் கண் விழிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அதே பெயரில் ஒரு ராத்திரி. போனவன் திரும்பி வரமாட்டான் என்பது அத்தனை நிச்சயம். ஸ்டேஷன் கட்டடத்திலேயே இருக்கும் ஹெரிட்டேஜ் சென்டரில் இதையெல்லாம் காட்டுகிறார்கள். டைட்டானிக் மியூசியம், இது என்று ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போங்கள்.

சும்மா ஒருவன்

நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேனே. டைட்டானிக் அந்த ஊர்க் கரைக்கே வரவில்லை. தூரத்தில் இரண்டு மணி நேரம் நின்றது, போய்விட்டது. அதை வைத்து நூறு வருடமாகச் சாவிக்கொத்து, தேநீர்க் கோப்பை, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம். 1,500 பேர் செத்ததை வைத்து இப்படி ஒரு வியாபாரமா? போன கோடையில் போய்விட்டு, நடந்தது ஒரு சாவு என்கிற நினைப்பே யாருக்கும் இல்லையே என்று எரிச்சலோடு திரும்பினேன். கார்க் பக்கம் போனால் கின்சேல் போங்கள். சாப்பாடாவது நன்றாக இருக்கும்.

கடற்காகம்

கரைக்கு வரவில்லை என்பது உண்மை. 1912 ஏப்ரல் 11, வியாழக்கிழமை. பதினொன்றரை வாக்கில் துறைமுக வாய்க்கு வெளியே ரோச்சஸ் முனைப் பக்கம் நங்கூரமிட்டது, ஒன்றரைக்குக் கிளம்பியது. ஊரிலிருந்து 'அயர்லாந்து', 'அமெரிக்கா' என்ற இரண்டு சிறு கப்பல்கள்தான் ஆட்களையும் தபால் மூட்டைகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நடந்ததைப் பாருங்கள். இங்கே ஏறியவர்கள் 123 பேர். அதில் முதல் வகுப்பு மூன்றே பேர், இரண்டாம் வகுப்பு ஏழு, மீதி 113 பேரும் மூன்றாம் வகுப்பு. மேயோ மாவட்டத்தின் ஒரே வட்டாரத்திலிருந்து மட்டும் 14 பேர், அவர்களில் 11 பேர் கடலோடு போய்விட்டார்கள். 123 பேரில் பிழைத்தது 44.

இறங்கியவர்கள் கதை வேறு. பிரான்சிஸ் பிரவுன் என்று ஒரு இளைஞர், பாதிரியார் படிப்பில் இருந்தவர், சவுத்தாம்ப்டனில் ஏறி வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே வந்தார். கூட வந்த ஒரு பணக்காரத் தம்பதி நியூயார்க் வரை டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். அவருடைய சபைத் தலைவரிடம் தந்தி மூலம் அனுமதி கேட்டார். "கப்பலைவிட்டு இறங்கு" என்று பதில் வந்தது. இறங்கினார். கப்பலுக்குள்ளே இருந்தபடி எடுத்த படங்களில் இன்றைக்கு நாம் பார்க்கிறவற்றில் பல அவர் எடுத்தவைதான். ஜான் காஃபி என்று கப்பல் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளி, இதே ஊர்க்காரன், தபால் மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு நழுவிவிட்டான்.

காந்தம் விற்பதில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் டைட்டானிக் மியூசியம் இருக்கிற கட்டடம் வேடத்துக்குக் கட்டியது இல்லை, டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் கம்பெனியின் அசல் டிக்கெட் ஆபீஸ். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தால் அந்த 123 பேர் நடந்த மரத்துறையின் மிச்சக் கட்டைகள் தண்ணீரில் அழுகி நிற்பது தெரியும். அதற்கு டிக்கெட் கிடையாது. உங்களுக்கு வேண்டிய சாவின் நினைப்பு அங்கே இருக்கிறது, சும்மா ஒருவன் அவர்களே.

இன்னும் ஒன்று. அந்த ஊர் தன் கையால் தொட்டுத் தூக்கிய சாவு லூசிட்டானியா என்ற கப்பலுடையது. 1915 மே 7, கின்சேல் முனைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ. 18 நிமிடத்தில் முழுகியது, ஏறக்குறைய 1,200 பேர் போனார்கள். மீன்பிடிப் படகுகள், இழுவைக் கப்பல்கள் என்று கிடைத்ததிலெல்லாம் உயிருள்ளவர்களையும் பிணங்களையும் கொண்டுவந்து இறக்கியது கோவ் ஊரில்தான். ஊருக்கு வடக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஓல்ட் சர்ச் கல்லறைத் தோட்டம். அங்கே மூன்று பெரிய பொதுக்குழிகள். கல்லில் பெயர் உள்ளவர்களும் உண்டு, பெயரே தெரியாமல் போனவர்களும் உண்டு. காந்தம் விற்பவர் யாரும் அங்கே வருவதில்லை.

சும்மா ஒருவன்

கல்லறைத் தோட்டம் நான் பார்க்கவில்லை. சரி, அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். கின்சேல் சாப்பாட்டு விஷயத்தில் மாறமாட்டேன்.

பனங்கூடல்

நான் டொரன்டோவில இருந்து எழுதுறன். போன வருசம் ஜூனில கோவுக்குப் போனனான். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும் போலிருக்கு.

கோவ் கரையில் நின்று எதிரே பார்த்தால் ஹால்போலைன் என்று ஒரு சின்னத் தீவு தெரியும். அயர்லாந்துக் கடற்படையின் தளம் அதுதான். 1985 ஜூன் 23ஆம் தேதி ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் கனடாவிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்குப் போகும் வழியில், இந்தக் கரைக்கு அப்பால் நடுவானில் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. 329 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. பெரும்பாலோர் இந்திய வம்சாவளிக் கனடாக்காரர், அதில் எத்தனையோ சின்னப் பிள்ளைகள். அன்றைக்கு அந்த இடத்துக்குப் போய் உடல்களை எடுத்த கப்பல்களில் ஒன்று அயர்லாந்துக் கடற்படையின் 'ஆஷ்லிங்'. மீட்க முடிந்தது 131 உடல்கள்தான். கார்க் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கனடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஓடிவந்த குடும்பங்களை அந்த நகரத்துச் சனங்கள் கையில் ஏந்திப் பார்த்தார்கள் என்று இங்கே இன்றும் சொல்லுவினம்.

மேற்கே, கோவ் ஊரிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால், அஹகிஸ்டா என்று கடலோரச் சிற்றூர். அங்கே நினைவிடம் இருக்கு. சூரியக் கடிகாரம் ஒன்று, பெயர்கள் வெட்டின சுவர், பின்னாலே கடல். ஒவ்வொரு ஜூன் 23 காலையிலும் அங்கே சனம் கூடும். நான் அதற்காகத்தான் போனனான், கோவ் வழியிலே பார்த்தது. லூசிட்டானியாக் குழிகளையும் பார்த்துவிட்டு அங்கேயும் போய் நின்றபோது, இந்தக் கரைச் சனத்துக்கு முன்பின் தெரியாதவர்களுடைய சாவு ஒன்றும் புதிசில்லை என்று விளங்கியது.

நொய்யல்

பனங்கூடல் அக்கா, இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கனிஷ்கா என்றால் கனடா செய்தி என்று மட்டுமே நினைத்திருந்தேன். நன்றி.

வெயில்காலம்

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். சென்னையிலிருந்து லண்டன் போக பிரிட்டன் விசிட் விசா வைத்திருக்கிறோம். அதிலேயே கோவ் போக முடியுமா?

தண்டவாளம்

விசாவில் 'பிஐவிஎஸ்' (பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்று குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்தக் குறிப்போடு வரும் குறுகிய கால பிரிட்டன் விசாவில் அயர்லாந்துக்கும் போகலாம். ஆனால் முதலில் பிரிட்டனில் இறங்கி உள்ளே நுழைந்த பிறகுதான் அயர்லாந்து. நேராக டப்ளினுக்குப் பறக்கக் கூடாது. குறிப்பு இல்லையென்றால் தனி விசா. ஷெங்கன் விசா இங்கே செல்லாது, அயர்லாந்து அதில் சேரவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அரசாங்கத் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

மணியோசை

கதீட்ரலை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். செயின்ட் கோல்மன் கதீட்ரல். 1868இல் தொடங்கி, கோபுரம் முடிய 1915 ஆகிவிட்டது. கோபுரம் 90 மீட்டருக்கு மேல். பஞ்சத்தில் பாதி வெறிச்சோடிய நாட்டில் அவ்வளவு பெரிய கோயிலுக்குக் காசு எங்கிருந்து வந்தது? கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அனுப்பியதும் அதில் சேர்ந்திருக்கிறது. போகிறவர்கள் கடலிலிருந்து திரும்பிப் பார்த்தால் கடைசிவரை கண்ணில் நிற்பதும் அதே கோபுரம்தான்.

உள்ளே 49 மணிகள். விசைப்பலகை மாதிரி ஒன்றில் கையை முஷ்டியாக்கித் தட்டி வாசிப்பார்கள், காரிலன் என்று பெயர். கோடையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கச்சேரி நடக்கும். கீழே கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதுதான் உத்தமம், பக்கத்தில் நின்றால் காது போய்விடும். உள்ளே போனால் தரையைப் பாருங்கள், முழுக்க மொசைக். 2000களில் பலிபீடப் பகுதியை இடித்துப் புது மாதிரி மாற்ற மறைமாவட்டம் திட்டம் போட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. வழக்கமாகக் கோயிலை மாற்றக் கூடாது என்று அரசாங்கம் சொல்லும், பக்தர்கள் எதிர்ப்பார்கள். இங்கே பக்தர்களே பிஷப்பை எதிர்த்துத் திட்டமிடல் வாரியம் வரை போய், 2006இல் ஜெயித்தார்கள். எனக்கு அந்த ஊர்மேல் மதிப்பு வந்ததே அதனால்தான்.

நொய்யல்

மேடு பற்றி யாரும் சொல்லவில்லையே?

கடற்காகம்

மேடுதான் தம்பி, நன்றாகவே மேடு. கடலோர வீதி, பூங்கா, மியூசியங்கள் எல்லாம் சமதரை. கதீட்ரலுக்கு டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வரலாம். சீட்டுக்கட்டு வீடுகள் என்கிற வெஸ்ட் வியூ வரிசை, 23 வீடுகள், செங்குத்துச் சரிவில் படிக்கட்டு மாதிரி இறங்கும். அடியில் உள்ள வீடு விழுந்தால் மேலே உள்ளதெல்லாம் சரிந்துவிடும் என்று கிண்டல். எல்லோரும் போடும் அந்தப் போட்டோவுக்கு மேலே ஒரு மதில் மேல் ஏறணும், அம்மாவோடு வேண்டாம். ஸ்பைக் தீவும் வேண்டாம் என்பேன். 1847இல் சிறையாக்கிய தீவு, நட்சத்திர வடிவக் கோட்டை, பிரமாதமான இடம். 1938 வரை பிரிட்டன் விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஆனால் படகு, ஏற்றம், நடை எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரம் விழுங்கும்.

நொய்யல்

போய் வந்தோம். ஒரு ராத்திரி தங்கினோம்.

தண்டவாளம் சொன்ன வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தோம். அம்மா பாதி வழியில், "ஏண்டா, தண்ணிக்குள்ளயே போகுதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாம்பன் பாலத்தில் போனவர்தான், இருந்தாலும்.

ஹெரிட்டேஜ் சென்டருக்கு வெளியே ஆனி மூர் சிலை. 1892 ஜனவரி 1, நியூயார்க்கில் குடியேற வருபவர்களைப் பதிவு செய்யும் எல்லிஸ் தீவு நிலையம் திறந்த அன்று முதல் ஆளாக உள்ளே போன பெண். 17 வயது. கூட இரண்டு தம்பிகள். அப்பா அம்மா முன்னாலேயே நியூயார்க் போய்விட்டார்கள். பத்து டாலர் தங்கக் காசு கொடுத்து வரவேற்றார்களாம். அம்மா அந்தச் சின்னப் பையன்கள் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் புள்ள அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். போனில் தேடினேன். டெக்சாஸ் போய் நன்றாக வாழ்ந்தாள் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது வேறொரு ஆனி மூர் என்று 2006இல் தெரியவந்தது. நம்ம ஆனி நியூயார்க்கின் ஏழைத் தெருக்களிலேயே இருந்து, பல பிள்ளைகளைப் பறிகொடுத்து, 1924இல் இறந்துபோனாள். "அப்ப இங்க வரவேயில்ல" என்றார் அம்மா. அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மரத்துறை மிச்சத்தைப் பார்த்தோம். உண்மையாகவே நாலைந்து கட்டைகள்தான், மேலே நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. மியூசியத்தில் நுழையும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு பயணியின் பெயர் போட்ட சீட்டுத் தருகிறார்கள், கடைசியில் பிழைத்தாரா என்று பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வந்தவர் போய்விட்டார். அம்மாவுக்கு வந்தவர் பிழைத்துவிட்டார். சும்மா ஒருவன் சொன்ன கசப்பு எனக்கு அங்கே கொஞ்சம் எட்டியது, மறைக்கவில்லை. ஆனால் அம்மா அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

சாப்பாடு: சோடா ரொட்டியும் காய்கறி சூப்பும் இரண்டு வேளை. மூன்றாம் வேளை அம்மா கொண்டுவந்த புளிசாதம்.

டாக்ஸிக்காரர் கல்லறைத் தோட்டத்தில் மீட்டரை நிறுத்திவிட்டு எங்களோடு இறங்கி வந்தார். எந்தக் கல் எது என்று அவரே காட்டினார். ஒரு கல்லில் எண் மட்டும்தான் இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவரும் எதற்கு என்று கேட்காமல் தொப்பியைக் கழற்றினார்.

சாயங்காலம் கப்பல் எதுவும் கட்டியிருக்கவில்லை, அதனால் கடற்காகம் சொன்ன சங்கு கேட்கவில்லை. பூங்கா பெஞ்சில் ஒரு மணி நேரம் இருந்தோம். கால் மணிக்கு ஒரு தரம் மேலே மணி அடித்தது. எதிரே ஹால்போலைனில் சாம்பல் நிறத்தில் ஒரு கடற்படைக் கப்பல். கனிஷ்கா கதையை அம்மாவிடம் சொன்னேன். அப்பா அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டது ஞாபகம் இருக்கிறது என்றார்.

மணியோசை

கச்சேரி இல்லையா?

நொய்யல்

இன்னும் தொடங்கவில்லை, ஏப்ரல்தானே.

பனங்கூடல்

அஹகிஸ்டாவுக்கும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி. அங்கே மேடு கிடையாது.

நொய்யல்

அம்மாவும் கேட்டார் அக்கா. ஆனால் ஜூன் முதல் வாரம் அவருக்கு ஊருக்கு டிக்கெட். 23ஆம் தேதிக்கு நான் மட்டும்தான் போகிறேன், லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே அங்கே இருக்கணும் என்றால் முதல் நாளே எங்கே தங்குவது, யாருக்காவது தெரியுமா?